வாய் ஒழுகிற கார்

யேசுரட்ணம்: இதென்ன நானா, கைக்குட்டைக்குள்ள?

ஸஹாப்தீன்: மெதுவாப் பேசுங்க பாஸ்! நீங்க கேட்டதுதான். புடிங்க... கெதியாப் புடிங்க, றோட்டால ஆக்கள் போறாங்க.

யேசுரட்ணம்: நான் கேட்டதோ? கனக்குதே...

ஸஹாப்தீன்: இஞ்ச வெச்சி அவுக்காதீங்க! கராஜுக்குள்ள பெய்த்து அவுங்க.

யேசுரட்ணம்: ...நானா.

ஸஹாப்தீன்: என்ன?

யேசுரட்ணம்: இது போத்தில்.

ஸஹாப்தீன்: போத்தில்லதான் தாரான். பின்ன, கடதாசில சுத்தியா தருவான்?

யேசுரட்ணம்: ஐயோ மாதாவே! இது சாராயம்!

ஸஹாப்தீன்: அரக்கு. காலைல நீங்கதானே சென்ன? 'காரிட பெற்றோல் வாய் ஒழுகுது நானா, கொஞ்சம் அரக்கு வாங்கிக்கொண்டு வாங்கோ, அரக்குப் பூசினாத்தான் ஒழுக்கு நிக்கும்' எண்டு. சென்னயா இல்லயா?

யேசுரட்ணம்: சொன்னனான்... ஓம், சொன்னனான்... கொஞ்சம் இருங்கோ... எனக்கு வயிறு நோகுது...

ஸஹாப்தீன்: சிரிக்காதீங்க பாஸ்! அம்பத்திமூணு வயசு எனக்கு. இண்டு வரைக்கும் தவறணை வாசல்ல மழைக்குக்கூட ஒதுங்கினதில்ல. ஒங்கட பேச்சக் கேட்டு...

யேசுரட்ணம்: நான் சொன்னது வேற அரக்கு நானா! தபால் கந்தோரில உருக்கி ஊத்தி முத்திரை குத்துவினமே, செக்கச் சிவப்பா... அந்த அரக்கு! அதைக் கரைச்சுப் பூசினா பெற்றோல் கசியாது. சாராயத்துக்கு நாங்கள் சாராயமெண்டுதான் சொல்லுறது.

ஸஹாப்தீன்: அத மொதல்லயே செல்லக்கூடாதா? நாள் முழுக்க சிங்கள ஆக்களோட யாவாரம் பண்ணுற மனுசன் நான். அவங்க அரக்கு எண்டா இதுதான். எனக்கு வேற என்ன வெளங்கும்?

யேசுரட்ணம்: காருக்குச் சாராயம் பூசச் சொல்லுறானே, இவனுக்கு விசரோ எண்டு யோசிக்கேல்லையோ?

ஸஹாப்தீன்: யோசிச்ச. ஊசி போட முந்தி டொக்டர் ஸ்பிரிட்டுத் தடவுவாரே, அது போல ஏதோ கார் வைத்தியமெண்டு நெனச்ச.

யேசுரட்ணம்: கார் வைத்தியம்! ஐயோ, என்ர மனுசி ஐறீனுக்குச் சொன்னா ஒரு கிழமைக்குச் சிரிப்பாள்...

ஸஹாப்தீன்: செல்லாதீங்க! ஒருத்தருக்கும் செல்லக்கூடாது. இத எங்கயாவது ஒளிங்க.

யேசுரட்ணம்: சரி, சரி. தண்ணிப் போத்திலுக்குப் பக்கத்தில வைக்கிறன். வாங்கேக்குள்ள ஆரும் கண்டவையோ?

ஸஹாப்தீன்: ...இல்ல.

யேசுரட்ணம்: என்ன இழுக்கிறீங்க?

ஸஹாப்தீன்: இல்ல எண்டா இல்ல. அதுக்குத்தானே இந்தக் கொட்டாஞ்சேனைல வாங்காம கொச்சிக்கடை வரைக்கும் நடந்த. கைக்குட்டையால தலையச் சுத்திக் கட்டிக்கொண்டு போன. தவறணைக்காரன் கேக்குறான், 'நானாவுக்குப் பல்லு வலியா?' எண்டு.

யேசுரட்ணம்: நீங்க என்ன சொன்னனீங்க?

ஸஹாப்தீன்: 'இல்ல, காருக்கு' எண்டு சென்ன.

யேசுரட்ணம்: ஐயோ, காணும் நானா, காணும்... இனிச் சிரிச்சா விழுந்திடுவன்.

ஸஹாப்தீன்: மணி என்னாச்சி?

யேசுரட்ணம்: பன்னிரண்டரை.

ஸஹாப்தீன்: யா அல்லாஹ்! ரெண்டு மணிக்கு மாப்புள்ள ஊட்டுக்காரங்க பொண்ணு பாக்க எங்கட வெள்ளவத்தை ஊட்டுக்கு வாராங்க பாஸ். புள்ளட வாப்பா நான் வாசல்ல நிக்காட்டி என்ன செல்லுவாங்க? கெதியா முடிங்க.

யேசுரட்ணம்: முடிக்கிறன், முடிக்கிறன். அவசரப்பட்டா பெற்றோல் வேலை சரிவராது. அந்தப் பீடிய முதல்ல எறியுங்கோ. அங்கால... றோட்டுக்கு அங்கால.

ஸஹாப்தீன்: பத்த வெக்கவே இல்லயே.

யேசுரட்ணம்: பத்த வைக்கிற யோசனையையும் எறியுங்கோ. சரி, இப்ப இதைப் பாருங்கோ. இதுதான் பெற்றோல் ஊத்துற வாய். இது மூடி. இந்த மூடிக்குள்ள தக்கையால ஒரு வளையம் இருக்கவேணும். வளையம் இருந்தாத்தான் மூடி இறுகும். உங்கட மூடியில வளையமே இல்லை.

ஸஹாப்தீன்: தேஞ்சீக்கும்.

யேசுரட்ணம்: தேய்ஞ்சா ஒரு துண்டெண்டாலும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். இது துடைச்ச மாதிரிக் கிடக்கு.

ஸஹாப்தீன்: பழைய கார்தானே பாஸ். துரை சீமைக்குப் போகக்குள்ள எனக்குத் தந்துட்டுப் போன கார். ஜேர்மன் சண்டைக்கு முந்தின சாமான். வளையம் எங்கயாவது விழுந்தீக்கும்.

யேசுரட்ணம்: துரை வச்சிருக்கேக்குள்ளயும் நான்தானே பாத்தனான். ஒரு சொட்டு ஒழுகினதில்லை. எப்ப இருந்து ஒழுகுது?

ஸஹாப்தீன்: நேத்து ராவு... இல்ல, இண்டு காலைலதான். வளைவுல திருப்பக்குள்ள வாயால வடியுது. ஊட்டு வாசல்ல ஒரே பெற்றோல் மணம். ஸைனம்பு செல்றா, 'வாற ஆக்களுக்கு சாம்பிராணி போடுறதா, இல்ல எல்லாரையும் ஒண்டா மையத்துப் பெட்டில ஏத்துறதா' எண்டு.

யேசுரட்ணம்: ஹா! உங்கட மனுசியும் உங்களப் போலத்தான்.

ஸஹாப்தீன்: இல்ல இல்ல. அவ எனக்கிட்ட மட்டும்தான் இப்புடி. சபைல வாய் தொறக்க மாட்டா. நான்தான்... சரி, அத விடுங்க. வளையத்த வெட்டுங்க.

யேசுரட்ணம்: வெட்டுறன். ஆனா இந்தச் சின்ன ஓட்டையில சவர்க்காரம் வச்சு அடைச்சது ஆர்?

ஸஹாப்தீன்: நான்தான். அதாலயும் மணம் வந்திச்சி.

யேசுரட்ணம்: அடக் கடவுளே. அது மூச்சு விடுற ஓட்டை நானா. உள்ளுக்குப் பெற்றோல் குறையக் குறையக் காத்துப் போகவேணும். அதை அடைச்சா கார் நடுறோட்டில மூச்சுத்திணறி நிண்டிடும்.

ஸஹாப்தீன்: அப்ப ஒழுகவும் கூடாது, அடைக்கவும் கூடாது?

யேசுரட்ணம்: ஓம். வாயெண்டா அப்பிடித்தான்.

ஸஹாப்தீன்: இத எனக்கு முப்பது வருசத்துக்கு முந்திச் சென்னீந்தா...

யேசுரட்ணம்: ஏன் நானா?

ஸஹாப்தீன்: ஒண்டுமில்ல. வெட்டுங்க. என்ன, பென்சிலால வட்டம் கீறிக்கொண்டே ஈக்கிறீங்க? நாலாவது வட்டம் இது.

யேசுரட்ணம்: வட்டம் வடிவா வரவேணும். சரி, சொல்லுங்கோ. மாப்பிள்ளை எந்த இடம்?

ஸஹாப்தீன்: கொம்பனித்தெரு. இஸ்ஸதீன் எண்டு பேரு. தபால் கந்தோர்ல கிளாக்கர்.

யேசுரட்ணம்: தபால் கந்தோரோ! அப்ப மாப்பிள்ளையிட்டயே அரக்குக் கேட்டிருக்கலாமே!

ஸஹாப்தீன்: அல்லாஹ்வே! நல்ல வேளை, நீங்க அப்புடிச் செல்லல்ல. நான் நேராப் பெய்த்து அந்தப் புள்ளகிட்ட 'அரக்கு ஈக்கா மகன்?' எண்டு கேட்டீப்ப. கலியாணம் அதோட சரி.

யேசுரட்ணம்: கேட்டிருப்பீங்க. நீங்க கேக்கிற ஆள்தான்.

ஸஹாப்தீன்: ...ஓம். நான் கேக்கிற ஆள்தான்.

யேசுரட்ணம்: என்ன, முகம் சுண்டிப்போச்சு?

ஸஹாப்தீன்: ஷபீகாவுக்கு இது மூணாவது எடம் பாஸ். மொதல் ரெண்டும் எப்புடிப் போன, தெரியுமா?

யேசுரட்ணம்: சீதனப் பிரச்சினையோ?

ஸஹாப்தீன்: இல்ல, என்ட வாய்ப் பிரச்சின. மொத வந்தவங்க நல்ல மனுசர். மாப்புள்ளட உம்மா கேட்டா, 'புள்ள கொணம் எப்புடி?' எண்டு. 'தங்கமான புள்ள' எண்டு செல்லிட்டு நிப்பாட்டீக்கணும். நான் செல்ற, 'தங்கமான புள்ள, கோவம் வந்தா மட்டும் பீங்கான் பறக்கும், அதுக்கென்ன, பீங்கான் கடை நம்மடதானே!' எண்டு.

யேசுரட்ணம்: ஹாஹா... ஐயோ நானா!

ஸஹாப்தீன்: நான் பகிடிக்குத்தான் சென்ன! அந்த உம்மா கைல ஈந்த கோப்பைய மெதுவா வெச்சிட்டு எழும்பினா. அவ்வளவுதான்.

யேசுரட்ணம்: ரெண்டாவது?

ஸஹாப்தீன்: ரெண்டாவது நான் ஒண்டும் பேசக்கூடாதெண்டு ஸைனம்பு சத்தியம் வாங்கின. நானும் பேசல்ல. ஒரு மணித்தியாலம் பாஸ்! ஒரு மணித்தியாலம் பல்லக் கடிச்சிக்கொண்டு ஈந்த. எல்லாம் முடிஞ்சி, ஆக்கள் செருப்புப் போடுறாங்க. மாப்புள்ளட வாப்பா பேச்சுக்கு, 'என்ன நானா, ஒண்டும் பேசல்லயே' எண்டார். அந்த மனுசன்ட தொப்பி தலைல ஒரு மாதிரி ஒட்டாம நிண்டிச்சி. வந்ததுல ஈந்து அதத்தான் பாத்துக்கொண்டு ஈந்த. வாயால வந்திட்டு...

யேசுரட்ணம்: என்னெண்டு?

ஸஹாப்தீன்: 'தொப்பி சின்னமாயிட்டா, தலை பெருத்திட்டா?' எண்டு.

யேசுரட்ணம்: சேசுவே... இந்தா, பென்சில் முறிஞ்சிட்டுது.

ஸஹாப்தீன்: சிரிங்க, சிரிங்க. நானும் செல்லக்குள்ள சிரிப்பன். ஆனா அண்டக்கி அவங்க போனாப் பொறகு, புள்ள எழும்பிப் பெய்த்து கோப்பை எல்லாம் கழுவினா. பன்னெண்டு கோப்பை. ஒண்டுகூட சத்தம் போடல்ல. கோவம் வந்தா பீங்கான் பறக்குற புள்ள பாஸ். ஒரு கோப்பை கூட 'டிங்' எண்டு சத்தம் போடல்ல. நான் மத்த அறைல ஈந்து கேட்டுக்கொண்டே ஈந்த.

யேசுரட்ணம்: இந்தப் பெட்டியில இருங்கோ நானா.

ஸஹாப்தீன்: இந்த எடம் அவளுக்குப் புடிச்சீக்கி. வாயால செல்லல்ல. ஆனா ரெண்டு நாளா அடுப்படில பாட்டு.

யேசுரட்ணம்: எல்லாம் சரிவரும் நானா. அந்தோனியாருக்கு ஒரு திரி நான் கொளுத்திறன்.

ஸஹாப்தீன்: கொளுத்துங்க. பெற்றோல் கைய நல்லாக் கழுவிட்டுக் கொளுத்துங்க.

யேசுரட்ணம்: பாத்தீங்களோ, வளையம் முடிஞ்சுது. போட்டுப் பாப்பம்... ம்... கொஞ்சம் சிறிசாப் போச்சு. இன்னொண்டு வெட்டவேணும்.

ஸஹாப்தீன்: சரியாத்தானே ஈக்கி!

யேசுரட்ணம்: உங்கட கண்ணுக்குச் சரி. என்ர கண்ணுக்கு ஒரு நூல் குறைவு. இன்னொரு விசயமும் இருக்கு. இந்தக் கழுத்து இருக்கெல்லே, வாயில இருந்து டாங்கிக்குப் போற குழாய்... அதின்ர மூட்டிலயும் கசியுது.

ஸஹாப்தீன்: எங்க? கைய வெச்சாக் காஞ்சீக்கே.

யேசுரட்ணம்: இப்பக் காஞ்சிருக்கும். ஓடேக்குள்ள கசியும். அதைக் கழட்டி அரக்குப் பூசித்தான் பூட்டவேணும். அதுக்குத்தானே உங்கள அனுப்பினனான்.

ஸஹாப்தீன்: இப்ப அரக்குக்கு எங்க போற? நான் இனிக் கடைக்குப் போக மாட்ட. வேற எதாவது பேருல வேற எதாவது கொணந்திடுவன்.

யேசுரட்ணம்: வேண்டாம், வேண்டாம். பக்கத்தில வலன்ரைனிட்ட இருக்கு. அலுமாரி செய்யிறவன். அரக்கை ஸ்பிரிட்டில கரைச்சு ஒரு பேணி நிறைய வச்சிருக்கிறான், மினுக்கிறதுக்கு.

ஸஹாப்தீன்: பக்கத்திலயா?

யேசுரட்ணம்: ஓம், இந்தச் சுவருக்கு அங்கால.

ஸஹாப்தீன்: பொறுங்க பாஸ். சுவருக்கு அங்கால ஒரு பேணி அரக்கு ஈக்கக்குள்ள, என்னய என்னத்துக்கு வெயிலுக்குள்ள அனுப்பின?

யேசுரட்ணம்: அது... ஞாபகம் வரேல்லை.

ஸஹாப்தீன்: முப்பது வருசம் பக்கத்துப் பக்கத்துல ஈக்கிறீங்க.

யேசுரட்ணம்: அதுதான். பக்கத்தில இருந்தா ஞாபகம் வராது. வலன்ரைன்! டேய், வலன்ரைன்! அந்த அரக்குப் பேணிய மதிலால தா!... ஓம், ஓம், திருப்பித் தருவன்!... இந்தாங்கோ நானா, மணந்து பாருங்கோ. இதுதான் அரக்கு.

ஸஹாப்தீன்: இதும் அந்த மணம்தான் மணக்குது.

யேசுரட்ணம்: அது ஸ்பிரிட். உங்கட போத்திலும் இதுவும் சொந்தக்காரர்தான். சரி, பூசுறன். மெல்லிசா ஒரு பூச்சு... சுத்திவர... இனிக் காயவிட வேணும்.

ஸஹாப்தீன்: எவ்வளவு நேரம்?

யேசுரட்ணம்: ரெண்டு மணித்தியாலம்.

ஸஹாப்தீன்: ரெண்டு மணித்தியாலமா! வலன்ரைன் பூசுற அலுமாரி அரை மணித்தியாலத்துல காயுதே!

யேசுரட்ணம்: அது அலுமாரி. அலுமாரி பெற்றோல் குடிக்கிறேல்லை.

ஸஹாப்தீன்: இப்ப ஒரு மணி தாண்டிட்டு பாஸ். அப்ப நான் பஸ்ஸுல பெய்த்துடவா?

யேசுரட்ணம்: பஸ்ஸிலயோ! ஐயையோ, வேண்டாம்! வேர்த்து விறுவிறுத்து, பெற்றோல் மணத்தோட பஸ்ஸால இறங்கி... மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்ன நினைப்பினம்? கார் வச்சிருக்கிற முதலாளி காரிலதான் போகவேணும்.

ஸஹாப்தீன்: அதுவும் சரிதான்.

யேசுரட்ணம்: ...உடன ஒத்துக்கொண்டிட்டீங்கள்?

ஸஹாப்தீன்: நீங்க செல்றது ஞாயம்தானே.

யேசுரட்ணம்: ஓம்... ஞாயம்தான்.

ஸஹாப்தீன்: அலவி அங்க ஈக்கிறான். புள்ளட மாமா. அவன் பேசிக்கொள்ளுவான். கார் பழுது எண்டா ஆர் என்ன செல்ல ஏலும்? நான் பள்ளிக்குப் பெய்த்து லுஹர் தொழுதுட்டு வாரன். தேத்தண்ணி வாங்கவா?

யேசுரட்ணம்: வாங்குங்கோ. ஆனா கடைக்காரனிட்டத் தமிழில கேளுங்கோ.

*

ஸஹாப்தீன்: காஞ்சிட்டா?

யேசுரட்ணம்: பொறுங்கோ நானா. இதோட எட்டுத்தரம் கேட்டிட்டீங்கள்.

ஸஹாப்தீன்: மணி நாலேகால். வந்த ஆக்கள் இப்பப் பெய்த்தீப்பாங்க. அஸரும் தொழுதாச்சி. ஒரு செய்தியும் இல்ல.

யேசுரட்ணம்: ஆரோ ஓடி வருகினம். உங்கட ஆள்தானே அது? மச்சான்காரன்?

அலவி: மச்சான்! மச்சான் எங்க?

ஸஹாப்தீன்: அலவி! என்ன ஓட்டம் இது? என்ன நடந்த?

அலவி: பொறுங்க... மூச்சு... பஸ்ஸால எறங்கினதுல ஈந்து ஓடி வார... தண்ணி... இந்தா ஈக்கே போத்தில்...

யேசுரட்ணம்: ஐயோ, அதில்லை! அதைத் தொடாதீங்கோ! அது... அது காருக்கு. இந்தாங்கோ, இதுதான் தண்ணி.

ஸஹாப்தீன்: குடிச்சிட்டுச் செல்லு. இல்ல, செல்லிட்டுக் குடி!

அலவி: முடிஞ்சிட்டு மச்சான்.

ஸஹாப்தீன்: ...முடிஞ்சிட்டா.

அலவி: ஓம், முடிஞ்சிட்டு.

ஸஹாப்தீன்: யா அல்லாஹ். நான் ஈக்காமயே முடிஞ்சிட்டா? இந்தத் தடவ நான் வாயே தொறக்கல்லயே. நான் அங்கயே ஈக்கல்லயே...

அலவி: அந்த முடிவில்ல! கலியாணம் முடிவாயிட்டு எண்டு செல்றன்! நாள் குறிச்சாச்சி!

ஸஹாப்தீன்: வெளாடாத.

அலவி: வல்லாஹி! பெருநாள் கழிஞ்சி மூணாம் வெள்ளி. கொணந்த சீனிக்கும் பழத்துக்கும் அடுப்படில வெக்க எடமில்ல. நீங்க எடுத்து வெக்கச் சென்ன வட்டிலாப்பமும் ஒரு கரண்டி மிச்சமில்ல.

யேசுரட்ணம்: நானா! பாத்தீங்களோ! நான் சொன்னனானே! வாங்கோ, கையத் தாங்கோ!

ஸஹாப்தீன்: புள்ள? புள்ள என்ன செஞ்ச?

அலவி: ஸைனம்பு ராத்தா உள்ளுக்குப் பெய்த்துச் சென்ன ஒடன அடுப்படில 'டமார்' எண்டு சத்தம். பூப்போட்ட பெரிய பீங்கான். கை நழுவிட்டாம். சிரிக்கிறாளாம், பொறுக்குறாளாம், திரும்பவும் சிரிக்கிறாளாம்.

ஸஹாப்தீன்: ஒடைக்கட்டும். கடைல ஈக்கிறத எல்லாம் கொணந்து ஒடைக்கட்டும்.

யேசுரட்ணம்: கண்ணத் துடைக்காதீங்கோ நானா, கையில அரக்கு.

அலவி: ஆ, மறந்திட்டன். பாஸ், ராத்தா ஒங்களுக்கு ஆயிரம் சலாம் சென்ன. சென்ன வேலைய அச்சொட்டாச் செஞ்சி தந்ததுக்கு.

யேசுரட்ணம்: தம்பி... உஸ்...

ஸஹாப்தீன்: என்ன வேல?

அலவி: இவருக்கு இன்னும் செல்லல்லயா நீங்க?

யேசுரட்ணம்: இப்ப நீங்க சொல்லிட்டீங்கள்.

ஸஹாப்தீன்: பாஸ்?

யேசுரட்ணம்: கோவிக்கக்கூடாது நானா. விடிய நீங்கள் காரைத் துடைக்கேக்குள்ள, உங்கட மனுசி இவர ரெயினில ஏத்தி அனுப்பிட்டா. உங்களுக்கு முந்தி வந்து நிக்கிறார் இஞ்ச. 'நானா கார் கொண்டருவார், அஸர் தாண்டுமட்டும் விடாதீங்கோ, விட்டா இந்த இடமும் போயிடும்' எண்டு. பெத்த தாய் கேட்டு அனுப்பினா நான் என்ன செய்ய?

ஸஹாப்தீன்: அப்ப அந்த அரக்கு...

யேசுரட்ணம்: உங்கள ஒரு மணித்தியாலம் அலைய விடத்தான்.

ஸஹாப்தீன்: ரெண்டு வளையம்?

யேசுரட்ணம்: முதல் வளையமே அளவு.

ஸஹாப்தீன்: கழுத்துல கசிவு?

யேசுரட்ணம்: கழுத்தில ஒரு சொட்டும் கசியேல்லை நானா. இன்னும் இருவது வருசத்துக்குக் கசியாது. மூடியில வளையம் இல்லாததுதான் உண்மை. மற்றதெல்லாம் நான் கட்டின கதை.

அலவி: மச்சான், கோவமா? ராத்தாட மேல கோவிக்காதீங்க. அவ அழுதழுது...

ஸஹாப்தீன்: பாஸ், இத கொஞ்சம் பாருங்க.

யேசுரட்ணம்: என்ன இது, பொக்கெட்டுக்குள்ள இருந்து... இது... இது தக்கை வளையம்!

ஸஹாப்தீன்: மூடி வளையம்.

யேசுரட்ணம்: உங்கட காரிட?

ஸஹாப்தீன்: சுபஹ் தொழுதுட்டு வந்து நானே கழட்டின. கரண்டிக் காம்பால.

அலவி: நீங்களா! என்னத்துக்கு?

ஸஹாப்தீன்: ஊட்டுல ஈந்தா நான் பேசுவன் அலவி. எனக்குத் தெரியாதா? சத்தியம் வாங்கினாலும் பேசுவன். ஆனா பொண்ணுட வாப்பா சும்மா எங்கயும் போக ஏலுமா? காச்சல் எண்டா வந்தவங்க கட்டிலுக்கே வருவாங்க. கார் பழுதாப் போனா மட்டும்தான் ஒருத்தரும் ஒண்டும் செல்ல மாட்டாங்க. அதான் கழட்டின. பொறகு பாத்தா, இந்த மனுசன் வளையத்த வெட்டக் கத்திய எடுக்குறார். யா அல்லாஹ், பத்து நிமிசத்துல முடிச்சித் தந்திடுவாரே எண்டு பயந்திட்டன்!

யேசுரட்ணம்: அதுக்குத்தானே நான் நாலு வட்டம் கீறினனான்!

ஸஹாப்தீன்: ஓம், நீங்க வட்டம் கீறக் கீற எனக்குச் சந்தோசம். 'கெதியா முடிங்க' எண்டு வாயால செல்ற, 'மெல்ல முடி' எண்டு உள்ளுக்குத் துஆ கேக்குற.

யேசுரட்ணம்: அப்ப காலம தொடக்கம் நாங்கள் ரெண்டு பேரும்... ஒரு பழுதும் இல்லாத காரை...

ஸஹாப்தீன்: திருத்திக்கொண்டு ஈந்த.

யேசுரட்ணம்: வலன்ரைனிட அரை பேணி அரக்கும் போச்சு!

ஸஹாப்தீன்: சிரிங்க பாஸ். இப்பச் சிரிங்க.

அலவி: ரெண்டு பேரும் சிரிச்சி முடிஞ்சா எனக்கு ஒரு விசயம் வெளங்கப்படுத்துங்க. எனக்கு இன்னும் வெளங்கல்ல.

ஸஹாப்தீன்: என்ன?

அலவி: மாப்புள்ளட பெரிய வாப்பா ஒருத்தர் வந்தீந்தார். கஸ்டமான மனுசன் மச்சான். சிவப்புத் தொப்பி, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. அந்தத் தடியத் தட்டித் தட்டி ஒவ்வொண்டாக் கேக்குறார். 'புள்ளைக்கு இருவத்திமூணு வயசாமே, என்ன சுணக்கம்?' 'சுவரெல்லாம் கடல் காத்து அரிச்சீக்கே.' 'பொண்ணுட வாப்பா எங்க? கார் பழுதா? இண்டக்கித்தானா பழுதாகும்?' இதும் போயிட்டு எண்டே நெனச்ச.

ஸஹாப்தீன்: வெள்ளிப் பூணா...

அலவி: ஓம். பொறகு எழும்பி நடந்து, சுவர்ல ஈக்கிற போட்டோவப் பாத்தார். நீங்க கடை தொறந்தண்டு எடுத்த படம். 'இதார்?' எண்டார். 'இவர்தான் பொண்ணுட வாப்பா' எண்டு சென்ன. மனுசனுக்கு இருமல் வந்திட்டு. தண்ணி குடுத்த. குடிச்சிட்டு, மெதுவா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

யேசுரட்ணம்: என்ன கேள்வி?

அலவி: 'இவர் கூடுதலாப் பேசுற ஆளா?' எண்டு.

யேசுரட்ணம்: அதுக்கு?

அலவி: நான் வாய் தொறக்க முந்தி, தெரைக்குப் பின்னால ஈந்து ராத்தா பெருமூச்சு விட்டா. 'அவர்ட வாய் வெள்ளவத்தை முழுக்கத் தெரியும்' எண்டா. அவ்வளவுதான் பாஸ்! தடியத் தட்டுறத நிப்பாட்டிட்டார். 'நல்ல குடும்பம், பேச்சுக்கு எடமில்ல, இண்டக்கே நாளக் குறிங்க' எண்டு அவரே அவசரப்படுத்துறார்! போகக்குள்ள என்ட கையப் புடிச்சி, 'ஒங்கட மச்சானுக்கு விசேசமா என்ட சலாம் செல்லுங்க, நாங்க இனி ஒரே குடும்பம், அத ஞாபகப்படுத்துங்க' எண்டார். ஏன் மச்சான்? அவர ஒங்களுக்கு முந்தியே தெரியுமா?

ஸஹாப்தீன்: தெரியா.

யேசுரட்ணம்: தெரியாதோ?

ஸஹாப்தீன்: தெரியா எண்டாத் தெரியா. மூடியப் போடுங்க, போவம்.

அலவி: ஒங்கட மொகம் ஒரு மாதிரி ஈக்கே.

ஸஹாப்தீன்: வெயில்.

யேசுரட்ணம்: கராஜுக்குள்ள ஏது நானா வெயில்? காதெல்லாம் சிவக்குது.

ஸஹாப்தீன்: பாஸ், கலியாணம் முடியிற வரைக்கும் நான் வாய தொறக்க மாட்ட. புள்ளட மேல ஆணை.

அலவி: சரி, செல்லாதீங்க.

ஸஹாப்தீன்: செல்ல மாட்ட.

யேசுரட்ணம்: சொல்லவே வேண்டாம் நானா. ஏறுங்கோ, மனுசி பாத்துக்கொண்டு இருப்பா.

ஸஹாப்தீன்: ஏறுறன்.

அலவி: கதவ மூடுங்க மச்சான்.

ஸஹாப்தீன்: மூடிட்டன்... அலவி.

அலவி: என்ன?

ஸஹாப்தீன்: கிட்ட வா. பாஸ், நீங்களும் வாங்க. ஒருத்தருக்கும் செல்லக்கூடாது... கொச்சிக்கடைத் தவறணைல எனக்கு முன்னுக்கு நிண்டு ரெண்டு போத்தில் வாங்கி, திரும்பக்குள்ள அந்தக் கைத்தடியால என்ட காலுல குத்தி, மொகத்துக்கு மொகம் பாத்து மொழிச்ச மனுசன் அவர்தான்! அவருட காரும் ஒழுகுதோ என்னமோ!